பழைய பத்திரிகைத் தேடல் கருவி: ஏஐ ஏஜென்டுக்கு விளங்கிற மாதிரி விவரணம் எழுதுறது எப்பிடி?

கோப்பாய்க் கோடர் கேட்கிறார்:

யாழ்ப்பாணத்தில அச்சான பழைய பத்திரிகைகள், பாடசாலை ஆண்டு மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள் (இறந்தவரின்ர நினைவா அச்சடிக்கிற மலர்கள்) எல்லாம் ஸ்கான் செய்து, ஓ.சி.ஆர். எடுத்து (படத்தில இருக்கிற எழுத்தைக் கணினி உரையா மாற்றி), பக்கம் பக்கமா ஒரு எஸ்கியூலைட் டேற்றாபேஸில இருக்கு. தேடலுக்கு எஸ்கியூலைட்டின்ர முழு உரைத் தேடல் பகுதியான எஃப்.டி.எஸ். 5, டோக்கனைசர் (உரையைத் தேடல் துண்டுகளா, அதாவது டோக்கன்களாப் பிரிக்கிறது) அதின்ர வழமையான யூனிகோட்61. இதை எம்.சி.பி. (ஏஜென்டுகள் வெளிக் கருவிகளைப் பாவிக்கிறதுக்கான பொது நெறிமுறை) சேவரா வைச்சு ஒரு ஏஐ ஏஜென்டுக்குக் குடுக்கிறம். ரெண்டு கருவி இருக்கு. ஒண்டு சொல் தேடும், மற்றது ஒரு பக்கத்தை முழுசா எடுத்துத் தரும்.

மனிசருக்கு எழுதின ரீட்மீ (விளக்கக் கோப்பு) நல்ல விரிவா இருக்கு. தேடல் இலக்கணம், உதாரணங்கள், எல்லாம் அதில இருக்கு. ஆனால் ஏஜென்ட் அதுக்கு நேர்மாறாத்தான் நடக்குது. லொக்கில (ஏஜென்ட் செய்ததின்ர பதிவில) காணுறது இதுகள்:

பயனர் கேட்ட கேள்வியை அப்பிடியே தேடலுக்குள்ள போடுது. "யாழ்ப்பாணப் பொது நூலகம் எப்போது திறக்கப்பட்டது" எண்டு முழு வசனமும் போகும், முடிவு 0.

"யாழ்." எண்டு புள்ளியோட அனுப்பினால் சின்ராக்ஸ் எரர் வருது. பிறகு அதையே திருப்பித் திருப்பி அனுப்புது.

"மாடு" தேடினால் "மேடை" இருக்கிற பக்கங்களும் வருது. ஏஜென்ட் நாடக மேடைச் செய்தியைக் கால்நடைச் செய்தி எண்டு எடுத்துப் பதில் எழுதுது. முடிவோட வாற துணுக்குக்கு (பொருந்தின இடத்தின்ர சின்னப் பகுதிக்கு) 20 டோக்கன் எண்டு குடுத்தும் மூண்டு நாலு சொல்தான் வருது.

அந்த மூண்டு நாலு சொல்லை வைச்சே மேற்கோள் காட்டுது, பக்கத்தைத் திறக்கிறதே இல்லை. எல்லாத்தையும் விட மோசம், முடிவு 0 எண்டால் "அப்படியொரு செய்தி வெளிவரவில்லை" எண்டு உறுதியாச் சொல்லுது.

கருவி என்ன செய்யும், எப்பிடிப் பாவிக்கிறது எண்டு ஏஜென்டுக்குச் சொல்லுற விவரணத்தில எதை எழுதவேணும், எவ்வளவு எழுதவேணும், எந்த மொழியில எழுதவேணும்?

———

வடலி:

உங்கட ரீட்மீயை ஏஜென்ட் காணவே இல்லை. எம்.சி.பி.யில கிளையன்ட் இணைஞ்ச உடன கருவிப் பட்டியலைக் கேட்கும். சேவர் ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விவரணம், உள்ளீட்டுக்கான ஜேசன் ஸ்கீமா (என்ன உள்ளீடு, எந்த வடிவில எண்ட வரையறை) இதுகளைக் குடுக்கும். ஏஜென்டை ஓட்டுற மொழி மொடலின்ர பார்வைக்குப் போறது பெரும்பாலும் இவ்வளவும்தான். கோட் வைச்சிருக்கிற ரெப்போவில எத்தினை பக்கம் எழுதி வைச்சாலும், ஆரும் எடுத்துக் குடுத்தால் ஒழிய அது அங்க போய்ச் சேராது. அதால ரீட்மீயைச் சுருக்கி விவரணம் ஆக்காதேங்கோ. புதுசா எழுதுங்கோ.

எழுதத் தொடங்க முதல் ஒரு பிரிப்பு செய்யுங்கோ. கோட்டால திருத்தக்கூடிய கோளாறை விவரணத்தில எழுதவே கூடாது. "யாழ்." நல்ல உதாரணம். எங்கட பத்திரிகைகள் எல்லாம் "யாழ். மாவட்டம்", "யாழ். மத்திய கல்லூரி" எண்டுதான் எழுதுறது. மொடலும் அப்பிடித்தான் அனுப்பும். எஃப்.டி.எஸ். 5 இல மேற்கோள் குறிக்கு வெளியில புள்ளி வந்தால் சின்ராக்ஸ் எரர்தான். "புள்ளி போடாதே" எண்டு விவரணத்தில எழுதிறதை விட, சேவரிலயே ஒவ்வொரு சொல்லையும் இரட்டை மேற்கோளுக்குள்ள போட்டு அனுப்புறது சரி. ஒரு பொறி இருக்கு: முன்னொட்டுத் தேடலுக்கான (சொல்லின்ர தொடக்கத்தை மட்டும் குடுத்துத் தேடுறதுக்கான) நட்சத்திரக் குறி மேற்கோளுக்கு வெளியில வரவேணும். உள்ளுக்க போனால் டோக்கனைசர் அதைத் தூக்கி எறிஞ்சுபோடும், எரரும் வராது, முடிவு மட்டும் 0 ஆகும். ஆக, கடைசியில நட்சத்திரம் இருந்தால் அதைக் கழட்டி, மிச்சத்தை மேற்கோளுக்குள்ள வைச்சு, நட்சத்திரத்தைத் திருப்பி வெளியில ஒட்டுங்கோ.

கோட்டால திருத்த ஏலாத மிச்சம்தான் விவரணத்துக்குப் போகவேண்டியது: தொகுப்பில என்ன இருக்கு, தேடல் எப்பிடிப் பொருத்துது, முடிவு வந்த பிறகு அடுத்து என்ன செய்யவேணும், 0 எண்டால் என்ன அர்த்தம். தேடற் கருவிக்கு இப்பிடி எழுதலாம்:

"யாழ்ப்பாணக் குடாநாட்டில் அச்சான தமிழ் வெளியீடுகளின் ஓ.சி.ஆர். பக்கங்களில் சொல் தேடும். இது பொருள் தேடல் அல்ல. அனுப்பும் எல்லாச் சொல்லும் ஒரே பக்கத்தில் இருந்தால்தான் அந்தப் பக்கம் வரும். கேள்வியை வாக்கியமாக அனுப்பாமல் 1 முதல் 3 சொல் அனுப்பவும். இடம், ஆள், நிறுவனம், நிகழ்வு ஆகியவற்றின் பெயர்கள் நல்ல பலன் தரும். 'எப்போது', 'ஏன்', 'பற்றி' போன்றவை பலனைக் கெடுக்கும். முடிவில் வருவது துணுக்கு மட்டுமே. மேற்கோள் காட்டுமுன், ஆண்டு சொல்லுமுன், பக்க அடையாளத்தைக் கொடுத்துப் பக்கம் எடுக்கும் கருவியால் முழுப் பக்கத்தையும் வாசிக்கவும். முடிவு 0 என்றால் அந்தச் சொல் இந்தத் தொகுப்பில் அகப்படவில்லை என்பது மட்டுமே பொருள்."

இதில ஒவ்வொரு வசனமும் நீங்கள் லொக்கில கண்ட ஒரு கோளாறுக்குப் பதில். அப்பிடிப் பதில் இல்லாத வசனம் எதையும் சேர்க்காதேங்கோ. "மிகவும் சக்திவாய்ந்த", "விரைவான" எண்ட பேச்சு எல்லாம் வெட்டுங்கோ, மொடல் அதால ஒண்டும் செய்யப் போறேல்லை.

எரர் செய்தியும் விவரணத்தின்ர பாதிதான். எஸ்கியூலைட் குடுக்கிற எரரை அப்பிடியே கடத்தினால் மொடல் அதையே திருப்பி அனுப்பும், ஏனெண்டால் அதில அடுத்த படி இல்லை. என்ன வந்தது, ஏன் ஏற்கேல்லை, எப்பிடி அனுப்பவேணும் எண்டு ஒரே செய்தியில சொல்லுங்கோ: "ஆண்டுத் தொடக்கம் 1985, முடிவு 1979 என வந்துள்ளது. தொடக்கம் முடிவைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. இரண்டையும் மாற்றி அனுப்பவும்." இப்பிடியான எரரை எம்.சி.பி.யின்ர முடிவுக்குள்ள, பிழை எண்ட அடையாளத்தை உண்மை எண்டு வைச்சு அனுப்புங்கோ. புரோட்டகோல் மட்டத்து எரரா எறிஞ்சால் கிளையன்டோட நிண்டுபோகக்கூடும், மொடலுக்குப் போகாது.

———

எழுத்தாணி:

வடலி சொன்ன பிரிப்பின்படி பார்த்தால் மாடு–மேடை கோளாறும் கோட்டின்ர பக்கம்தான். இது விவரணத்தால தீராது.

யூனிகோட்61 டோக்கனைசர் எந்த எழுத்தைச் சொல்லின்ர பாகமா எடுக்கும் எண்டதை யூனிகோட் வகைகளை வைச்சு முடிவு செய்யுது. வழமையான அமைப்பில எழுத்து, எண், தனிப்பயன் வகை மட்டும்தான் சேர்த்தி. தமிழின்ர உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யூனிகோட்டில "குறி" வகை: பெரும்பாலானவை எம்.சி. (இடம் பிடிக்கிற குறி), இகர ஈகாரத்தில ஈகாரக் குறியும் புள்ளியும் எம்.என். (இடம் பிடிக்காத குறி). இந்த ரெண்டு வகையும் வழமையான பட்டியலில இல்லாததால, ஒவ்வொரு குறியும் இடைவெளி மாதிரிச் சொல்லைப் பிரிக்கும்.

"மாடு" எண்டதில கால் ஒரு பிரிப்பு, உகரக் குறி ஒரு பிரிப்பு. மிஞ்சுறது ம, ட. "மேடை"யிலயும் ம, ட. "மூடி"யும் அதுதான். எஃப்.டி.எஸ். 5 ம-வும் ட-வும் அடுத்தடுத்து வாற இடத்தை எல்லாம் பொருத்தம் எண்டு எடுக்குது. "வீடு" தேடினால் "வாடி" வாறதும் இதாலதான். துணுக்கு குறுகினதுக்கும் காரணம் இதுவே: 20 டோக்கன் எண்டால் 20 சொல் எண்டு நினைக்கிறம், உங்கட இன்டெக்ஸில ஒரு டோக்கன் பெரும்பாலும் ஒரு எழுத்து.

மோசம் என்னெண்டால், இது வேலை செய்யிற மாதிரித் தெரியும். "யாழ்ப்பாணம்" மாதிரி நீளமான சொல்லுக்குச் சரியான பக்கம்தான் வரும், ஏனெண்டால் அத்தினை மெய்யும் அதே வரிசையில வேற சொல்லில வாறது அரிது. சின்னச் சொல்லில மட்டும்தான் குட்டு வெளிக்கும்.

திருத்தம்: டேபிளை உருவாக்கேக்க டோக்கனைசருக்குக் குடுக்கிற வகைப் பட்டியலில வழமையான மூண்டோட எம்.என்., எம்.சி. ரெண்டையும் சேருங்கோ. ஒண்டை மட்டும் சேர்த்தால் புள்ளி அல்லது கால் விடுபடும். இருக்கிற டேபிளில மாற்ற ஏலாது, புதுசா உருவாக்கி எல்லாப் பக்கத்தையும் திருப்பி ஏத்தவேணும்.

ஏத்தேக்க ரெண்டு வேலை சேர்த்துச் செய்யுங்கோ. ஒண்டு, யூனிகோட் என்.எஃப்.சி. இயல்பாக்கம். "கொ" எண்டதை ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் எண்டு ரெண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒண்டு, பைற்றில வேற. எஃப்.டி.எஸ். 5 இதை ஒண்டாக்காது. பக்கத்துக்கும் தேடல் சொல்லுக்கும் ஒரே இயல்பாக்கம் வேணும். ரெண்டு, பி.டி.எஃப்.இல இருந்து உரை எடுத்த பக்கங்களில கொம்பு முந்தி வந்து "ெகாக்குவில்" எண்டு கிடக்கும். என்.எஃப்.சி. இதைத் திருத்தாது, ஏனெண்டால் யூனிகோட்டைப் பொறுத்தளவில வரிசையே பிழை. சொல்லின்ர தொடக்கத்தில தனிக் கொம்பு நிண்டால் அடுத்த மெய்யோட இடம் மாற்றிப்போட்டுப் பிறகு இயல்பாக்குங்கோ.

இது எல்லாம் முடிஞ்ச பிறகுதான் உண்மையான தமிழ்ச் சிக்கல் தலை தூக்கும். அதுதான் விவரணத்துக்குப் போகவேண்டியது: உருபு ஏறின சொல். திருத்தின இன்டெக்ஸில "நல்லூர்" தேடினால் "நல்லூரில்" வராது. மொடல் உடன "நல்லூர்*" எண்டு அனுப்பும். அதுவும் "நல்லூரில்", "நல்லூருக்கு" ரெண்டையும் விட்டுடும், ஏனெண்டால் புள்ளி போய் அந்த இடத்தில இகரமும் உகரமும் வந்திட்டுது. புள்ளியைக் கழட்டி "நல்லூர*" எண்டு அனுப்பினால் மூண்டும் அகப்படும். முன்னொட்டுப் பொருத்தம் குறி மட்டத்தில நடக்கிறதால இது சரிவரும். "வீட*" அனுப்பினால் வீடு, வீடுகள், வீட்டில் எல்லாம் வரும். கையால அனுப்பிப் பார்த்து, பலிக்கிற உதாரணத்தையே விவரணத்தில வையுங்கோ. விதியை மட்டும் எழுதினால் மொடல் அரைவாசி நேரம் புள்ளியோடதான் அனுப்பும். உதாரணம் ரெண்டு இருந்தால் அதைப் பார்த்துச் செய்யும்.

எதிர் உதாரணமும் ஒண்டு வேணும். "மர*" எண்டால் மரத்தோட மரணம், மரபு, மரக்கறி எல்லாம் வந்து குவியும். அந்தியேட்டிக் கல்வெட்டுகள் இருக்கிற தொகுப்பில "மரண" எத்தினை ஆயிரம் இருக்கும் எண்டு யோசியுங்கோ. மகரத்தில முடியிற சின்னச் சொல்லுக்கு "மரம்", "மரத்த*" எண்டு ரெண்டு வடிவம் அனுப்பச் சொல்லுங்கோ. மாடு இன்னும் கரைச்சல்: "மாட*" மாடியையும் மாடத்தையும் இழுக்கும், "மாட்ட*" எண்டால் "மாட்டார்கள்", "மாட்டோம்" எண்டு ஒவ்வொரு பக்கமும் வரும். அதுக்கு "மாடு*", "மாட்டு*", "மாட்டை" எண்டு மூண்டையும் "அல்லது" (OR) இணைப்பால சேர்க்கிறதுதான் ஒழுங்கு. சேவர் சொற்களை மேற்கோளுக்குள்ள போடேக்க இந்த இணைப்பை மட்டும் வெளியில விடவேணும்.

———

தீவகத்தான்:

0 முடிவைப் பற்றி ஆரும் விரிவாச் சொல்லேல்லை. எங்கட தொகுப்புகளைப் பொறுத்தளவில இதுதான் முதலாவது விசயம் எண்டு நினைக்கிறன்.

1981 இல யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிஞ்சதில ஏறத்தாழ 97,000 நூல்கள் போனது. அதே நாள்களில ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிஞ்சது. பிறகு 1995 இடப்பெயர்வில வீடுகளில இருந்த சேகரிப்புகள் போனது. எங்களிட்ட இருக்கிற எந்தத் தொகுப்பும் ஓட்டை உள்ளதுதான், அந்த ஓட்டை சும்மா அங்கங்க விழுந்ததும் இல்லை. ஒரு ஏஜென்ட் அப்பிடியான தொகுப்பில தேடிப்போட்டு "அப்படி நடக்கவில்லை" எண்டு எழுதினால், எரிஞ்சு போன இதழ்களை இன்னொருதரம் இல்லாமச் செய்யிற வேலை அது. விவரணத்தில ஒரு வசனம் போட்டால் போதாது. முடிவுக்குள்ளயே அதைக் கொண்டு வரவேணும்.

0 முடிவு வரேக்க வெறும் காலிப் பட்டியல் அனுப்பாதேங்கோ. மூண்டு தகவல் சேருங்கோ: இயல்பாக்கத்துக்குப் பிறகு உண்மையில எந்தச் சொல் தேடப்பட்டது, அந்த வடிகட்டலுக்குள்ள எத்தினை பக்கம் இருந்தது, அடுத்து எதை முயலலாம். உதாரணம்: "தேடிய சொல்: பருத்தித்துறை. கேட்ட பத்திரிகைக்கு 1975 ஆம் ஆண்டில் தொகுப்பில் உள்ள பக்கங்கள்: 0. இந்த ஆண்டின் இதழ்கள் தொகுப்பில் இல்லை." இதையும், ஆயிரம் பக்கத்தில தேடி 0 வந்ததையும் ஏஜென்ட் ஒண்டாக்கக்கூடாது. எண் கையில இருந்தால் அது தானே வேறுபடுத்தி எழுதும். கூடவே மூண்டாவது கருவி ஒண்டு வையுங்கோ, எந்த வெளியீட்டில எந்த ஆண்டுக்கு எத்தினை பக்கம் இருக்கு எண்டு மட்டும் சொல்லுறதுக்கு.

திகதி இல்லாத பக்கத்தையும் மறக்காதேங்கோ. மலர்களிலயும் கல்வெட்டுகளிலயும் ஆண்டு அட்டையில மட்டும் இருக்கும், இல்லாட்டி "விக்கிரம வருடம் ஆனி" எண்டு இருக்கும். ஆண்டு வடிகட்டல் போட்டால் திகதி தெரியாத பக்கம் உள்ளுக்க வருமா, வெளியில நிக்குமா? எதைத் தெரிஞ்சாலும் சரி, பராமீற்றர் (கருவிக்குக் குடுக்கிற உள்ளீடு) விவரணத்தில எழுதுங்கோ. கீழெல்லையையும் பாருங்கோ: உதயதாரகைப் பத்திரிகை 1841 இல தொடங்கினது, ஸ்கீமாவில ஆண்டுக்குக் குறைஞ்சது 1900 எண்டு இருந்தால் அந்தப் பக்கங்களைத் திகதி வைச்சுத் தேடவே ஏலாது.

வரிப் பிரிவும் பொய்யான 0 குடுக்கும். பத்திரிகைப் பத்தி ஒடுக்கம், "பருத்தித்" ஒரு வரியில நிண்டு "துறை" அடுத்த வரிக்குப் போகும், இடைக்கோடும் இராது. ஒவ்வொரு வரியின்ர கடைசிச் சொல்லையும் அடுத்த வரியின்ர முதற்சொல்லையும் ஒட்டி டேபிளின்ர இன்னொரு நிரலில போட்டு அதையும் இன்டெக்ஸ் செய்யுங்கோ. குப்பைச் சொற்கள் கொஞ்சம் சேரும், அதை ஆரும் தேடப்போறேல்லை.

பொருத்தப் புள்ளியை ஏஜென்டுக்குக் காட்டாதேங்கோ. எஃப்.டி.எஸ். 5 இன்ர பி.எம்.25 மதிப்பு மறை எண்ணா வரும், கூடக் குறைஞ்ச எண்தான் கூட நல்ல பொருத்தம். மொடல் −3 ஐ −7 ஐ விடப் பெரிசு எண்டு எடுக்கும். வேற வேற தேடலுக்கு வந்த புள்ளிகளை ஒப்பிடவும் ஏலாது. வரிசை எண் 1, 2, 3 எண்டு குடுத்தால் காணும்.

———

கோப்பாய்க் கோடர்:

கோளாறு டோக்கனைசர்தான். வகை ரெண்டையும் சேர்த்துத் திருப்பி ஏத்தினதோட "மாடு"க்கு "மேடை" வாறது நிண்டிட்டுது, துணுக்கும் நீண்டிட்டுது. 0 முடிவுக்குப் பக்க எண்ணிக்கை சேர்க்கிற வேலை நடக்குது.

விவரணத்தின்ர மொழி பற்றி இன்னும் தெளிவில்லை. தமிழில எழுதினால் மொடல் எண்ணுற டோக்கன் கூடப் போகுமே? பராமீற்றருக்கு எவ்வளவு விளக்கம் குடுக்கலாம்?

———

சங்குப்பிட்டி:

கருவிப் பெயரும் பராமீற்றர்ப் பெயரும் ரோமன் எழுத்தில இருக்கட்டும். சில மொடல் ஏ.பி.ஐ.கள் கருவிப் பெயரில ரோமன் எழுத்து, எண், அடிக்கோடு, இடைக்கோடு தவிர வேற எதையும் ஏற்காது. விவரணத்தை ஆங்கிலத்தில எழுதி, உதாரணச் சொற்களை மட்டும் தமிழில வைக்கிறதுதான் என்ர தெரிவு. கருவி விவரணம் ஒவ்வொரு உரையாடலிலயும் மொடலுக்குப் போகுது. தமிழ் யூனிகோட் குறி ஒவ்வொண்டும் யூ.டி.எஃப்.-8 இல 3 பைற், பெரும்பாலான மொடல்களின்ர டோக்கனைசர்கள் ஆங்கிலத்தை விடத் தமிழுக்குக் கூட டோக்கன் எடுக்கும். ஆனால் உதாரணத்தை ஆங்கில எழுத்தில ஒலிபெயர்த்து எழுதிப்போடாதேங்கோ. அப்பிடிச் செய்தால் மொடலும் ஒலிபெயர்த்தே தேடும், தமிழ் இன்டெக்ஸில அதுக்கு ஒண்டும் அகப்படாது.

நீளத்துக்கு அளவுகோல்: ஒரு பராமீற்றருக்கு ஒண்டு ரெண்டு வசனம், விடுபட்டால் என்ன எடுக்கும் எண்டதோட. "வரையறை: எத்தினை முடிவு" எண்டு மட்டும் நிண்டால் மொடல் 100 கேட்கும். "1 முதல் 20 வரை, கொடுக்காவிட்டால் 5, கூடக் கேட்டால் 20 ஆகக் குறைக்கப்படும்" எண்டு எழுதி, ஸ்கீமாவிலயும் கீழெல்லை மேலெல்லை வையுங்கோ.

நீள எல்லை எதில எண்ணுறது எண்டும் சொல்லவேணும். "யாழ்ப்பாணம்" கண்ணுக்கு 6 எழுத்து, யூனிகோட்டில 11 குறி, யூ.டி.எஃப்.-8 இல 33 பைற். "துணுக்கு 300" எண்டால் எது? குறியில எண்ணி வெட்டினால் புள்ளிக்கு முன்னால வெட்டுப்படலாம். அப்ப "நல்லூர்" எண்டது "நல்லூர" எண்டு முடியும், ஏஜென்ட் அதை அப்பிடியே மேற்கோளில போடும். சொல் எல்லையில வெட்டுங்கோ, வெட்டின இடத்தில மூண்டு புள்ளி வையுங்கோ. பக்கம் எடுக்கிற கருவியும் நீண்ட பக்கத்தை வெட்டினால், வெட்டினது எண்டும் மிச்சம் எங்கயிருந்து தொடரும் எண்டும் முடிவுக்குள்ள சொல்லவேணும்.

வெளியீட்டு வகைக்குச் சுதந்திரமான உரை வைக்காதேங்கோ, மூடின பட்டியல் குடுங்கோ: பத்திரிகை, பாடசாலை மலர், கோயில் மலர், நினைவு மலர். "கல்வெட்டு" எண்ட பேரை வகைக்கு வைச்சால் மொடல் கோயில் சுவரிலயும் தூணிலயும் வெட்டின சாசனம் எண்டு எடுத்து, சோழர் காலத்துக் கேள்விக்கு அந்தியேட்டி மலருக்குள்ள போய்த் தேடும். நினைவு மலர் எண்டு வைச்சு, "இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, தேவாரம், உறவுமுறை, ஊர், பிறந்த ஆண்டு தேட உதவும்" எண்டு ஒரு வரி போட்டால் குடும்ப வரலாற்றுக் கேள்விக்கு அது தானா அங்க போகும்.

எழுத்து வேறுபாட்டுக்கு ஒரு வசனம் ஒதுக்குங்கோ. எங்கட அச்சில ரேடியோ, றேடியோ, ரெலிபோன், டெலிபோன், சிறிலங்கா, ஸ்ரீலங்கா எல்லாம் கலந்து கிடக்கும். பிறமொழிச் சொல்லுக்கு ரெண்டு வடிவமும் தேடச் சொல்லுங்கோ. அடிக்கடி வாறதுகளைச் சேவரிலயே இணைச்சு வைச்சால் இன்னும் நல்லம்.

பக்க உரையை முடிவில தனிப் புலத்தில வையுங்கோ. அது தொகுப்பின்ர தரவு, அதுக்குள்ள கட்டளை மாதிரி ஏதும் இருந்தால் பின்பற்றக்கூடாது எண்டு விவரணத்தில ஒரு வரி வேணும். பழைய அச்சில அப்பிடி இராது. நாளைக்குப் பயனர் ஏத்துற பக்கங்களும் சேர்ந்தால் இது தேவைப்படும்.

———

வடலி:

மொழி விசயத்தில சங்குப்பிட்டியோட முழுசா ஒத்துப்போக ஏலாது. தேடல் விதி தமிழ் இலக்கணத்தைப் பற்றினது. புள்ளியைக் கழட்டு, உருபுக்கு முந்தின பகுதியை எடு எண்டதை ஆங்கிலத்தில எழுதினால் வசனம் நீளுது, துல்லியமும் குறையுது. பொது விளக்கம் ஆங்கிலத்தில இருக்கட்டும், தேடல் சொல் பராமீற்றரின்ர விவரணம் மட்டும் தமிழில இருக்கட்டும். எது நல்லம் எண்டதை உங்கட மொடலில அளந்து பார்த்துத் தெரியுங்கோ.

———

எழுத்தாணி:

அளக்கிற முறை. பதில் எந்தப் பக்கத்தில இருக்கு எண்டு உங்களுக்கு முன்னமே தெரிஞ்ச கேள்விகள் 30 எடுங்கோ. அதில 20 சாதாரணக் கேள்வி: ஊர், ஆள், நிகழ்வு. 5 கேள்விக்குப் பதில் உருபு ஏறின வடிவத்தில மட்டும் இருக்கவேணும், "கிணற்றில்", "குளத்தை" மாதிரி. மிச்சம் 5 கேள்விக்குத் தொகுப்பில பதிலே இருக்கக்கூடாது. கடைசி 5 ஐ விட்டிடாதேங்கோ, "இல்லை" எண்டு ஏஜென்ட் எப்பிடிச் சொல்லுது எண்டு அதில மட்டும்தான் தெரியும்.

ஏஜென்டுக்கு வேற எந்தக் குறிப்பும் குடுக்காமல், கருவி விவரணத்தை மட்டும் வைச்சு ஓடவிடுங்கோ. ஒவ்வொரு கேள்விக்கும் லொக்கில நாலு விசயம் பாருங்கோ: முதல் தேடலில எத்தினை சொல் அனுப்பினது, நட்சத்திரத்தைப் புள்ளி இல்லாமல் போட்டுதா, மேற்கோளுக்கு முதல் பக்கத்தைத் திறந்துதா, சொன்ன பக்க எண்ணில அந்த வசனம் உண்மையில இருக்கா. கடைசியைக் கண்ணால பார்க்கத் தேவையில்லை. மேற்கோளையும் பக்க உரையையும் இயல்பாக்கி ஒப்பிடுற சின்னக் கோட் ஒண்டு காணும். ஆனால் மொடல் ஓ.சி.ஆர். பிழையைத் தானே திருத்தி எழுதும்: பக்கத்தில "யரழ்ப்பாணம்" எண்டு கிடந்தால் "யாழ்ப்பாணம்" எண்டு போடும். அதை இட்டுக்கட்டின மேற்கோளோட சேர்த்து எண்ணாதேங்கோ. ஓ.சி.ஆர். ரகரத்தையும் காலையும் மாற்றிப் போடுறது வழமை, அந்த ரெண்டையும் ஒண்டா வைச்சு ஒப்பிட்டால் பெரும்பாலானது சரிவரும்.

விவரணத்தில ஒரு தரத்துக்கு ஒரு வசனத்தை மட்டும் மாற்றி 30 ஐயும் ஓட்டுங்கோ. ஒரே விவரணத்துக்கே மொடல் ஓட்டத்துக்கு ஓட்டம் வேற மாதிரி நடக்கும், அதால ஒவ்வொரு மாற்றத்துக்கும் 3 தரமாவது ஓட்டினால்தான் வித்தியாசம் உண்மையா எண்டு தெரியும். ஒரு வசனத்தை எடுத்தும் ஒண்டும் மாறேல்லை எண்டால் அந்த வசனம் வேண்டாம். தமிழா ஆங்கிலமா எண்ட கேள்வியும் இதே 30 ஐ ரெண்டு விவரணத்தோடயும் ஓட்டினால் முடிஞ்சுது.

மனிசருக்கான ரீட்மீயில பராமீற்றர் அட்டவணையைக் கையால எழுதாமல் ஸ்கீமாவில இருந்து உருவாக்குங்கோ. ரெண்டு இடத்தில எழுதினால் கெதியா ரெண்டு வேற கதை ஆகும்.

விவரணத்தை மாற்றின உடன திறந்திருக்கிற உரையாடலில பரிசோதிக்காதேங்கோ. கிளையன்ட் இணைஞ்ச நேரம் எடுத்த கருவிப் பட்டியலையே வைச்சிருக்கும். பட்டியல் மாறினது எண்டு சேவர் அறிவிப்பு அனுப்பவேணும், கிளையன்டும் அதை மதிக்கவேணும். எல்லாக் கிளையன்டும் மதிக்கும் எண்டு நம்ப ஏலாது. இணைப்பைத் துண்டிச்சுத் திருப்பி இணைச்சு, முதல் லொக்கில வந்த விவரணம் புதுசு தானா எண்டு பார்த்திட்டு ஓட்டுங்கோ.